தொட்டிக்குள் வைத்த கால்

ஓரிடத்தில் இருக்க முடியாத வருத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்த வருடம் அது முற்றிவிட்டது. லா சப்பல் மெட்ரோவிலிருந்து கார் து நோர் ரயில் நிலையம் வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடியும் நடப்பேன். மரக்கறிக் கடைக்கார அண்ணை ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"என்ன பிள்ளை, ஆரையும் தேடுறியோ?"

"ஒரு ராசாவைத் தேடுறன் அண்ணை."

அவர் சிரித்தார். நான் சொன்னது உண்மை. ஃப்ரீசியர்களின் அரசுரிமை பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன், இன்றைய நெதர்லாந்துக் கரையில், கடல் ஏறும்போது தப்புவதற்காக மண்மேடு கட்டி அதன்மேல் குடியிருந்த சனங்கள் அவர்கள். அவர்களுக்கு ஓர் அரசன் இருந்தான். அவனோடு சண்டை பிடித்த பிராங்கியர்களுக்கு அவனை அரசன் என்று எழுத மனம் வரவில்லை, வெறும் தலைவன் என்று எழுதினார்கள். கடலுக்கு அப்பாலிருந்த ஆங்கிலத் துறவிகள் அரசன் என்றே எழுதினார்கள். அவனுடைய சொந்தச் சனம் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. அவனுக்கு முடி சூட்டினார்களா, எங்கே இருந்து ஆண்டான், ஒன்றும் தெரியாது. தெரியாத ஒருவன் மேல் எனக்கு இவ்வளவு பாசம் வந்தது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அவனைப் பற்றி ஒரு கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்தவனாக மாறச் சம்மதித்து, ஞானஸ்நானத் தொட்டிக்குள் ஒரு காலை வைத்தான். வைத்தவன், பக்கத்தில் நின்ற குருவிடம் கேட்டான்: எனக்கு முன்னால் செத்துப்போன என் முன்னோர் எல்லாரும் எங்கே இருக்கிறார்கள்? நரகத்தில் என்றார் குரு. அரசன் காலை வெளியே எடுத்தான். ஒரு கைப்பிடி ஆட்களோடு சொர்க்கத்தில் இருப்பதைவிட என் ஆட்களோடு அங்கேயே இருக்கிறேன் என்று போய்விட்டான். இது பின்னால் துறவிகள் கட்டிய கதை என்று நான் பக்கம் பக்கமாக நிறுவியிருந்தேன். இருந்தாலும் அவன் கேட்டதில் பிழை இல்லை என்றுதான் பட்டது. முன்னோரின் பெயரால் ஆட்சி செய்தவன் அவர்களை விட்டுவிட்டு எந்த முகத்தோடு அரசனாக இருப்பது?

இந்த லட்சணத்தில் எனக்கே ஞானஸ்நானம் பேசி முடிந்தது. நான் கட்டப்போகிறவர் பக்கத்துப் புறநகரான சார்செல்காரர், குடும்பம் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். அவர் கேட்கவில்லை. அவருடைய அம்மாவுக்கு ஆசை, நானும் தலையாட்டிவிட்டேன். பயந்து பயந்து என் அம்மாவிடம் சொன்னபோது அவர் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தவேயில்லை.

"எல்லாம் ஒரு கடவுள்தானே. செய்யன்."

எனக்குப் பிரச்சினை அம்மா அல்ல, அப்பா. போரின் கடைசி மாதங்களில் அவர் ஊரில் காணாமல் போனார். நானும் அம்மாவும் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டோம். யாரும் அவரைச் செத்துக் காணவில்லை, உயிரோடும் காணவில்லை. அம்மாவின் நெற்றியில் பொட்டு அப்படியே இருக்கிறது. பொபினி அலுவலகத்தில் கார்த், அதாவது வதிவிட அட்டை, புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் "மரியே", கலியாணமானவள், என்று பிரெஞ்சில் அழுத்திச் சொல்லுவார். ஆடி அமாவாசை நெருங்கினால் லா சப்பல் கடைகளில் காத்தோட்டிக்காய் வந்து குவியும். தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து சமைக்கிற காய். அம்மா அந்தக் குவியலைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவார். என்னை ஒருமுறையும் விரதம் பிடிக்க விட்டதில்லை.

ஞானஸ்நானத்துக்கு ஆயத்த வகுப்பு எடுத்தவர் தமிழ்க் குரு, சுவாமி என்றுதான் கூப்பிடுவோம், பொறுமையான மனிதர். ஒருநாள் அடக்க முடியாமல் அரசனின் கேள்வியையே கேட்டேன்.

"சுவாமி, என்ரை அப்பா எங்கை?"

அவருக்கு என் கதை தெரியாது. "மோசம் போட்டாரோ பிள்ளை?" என்றார், செத்துவிட்டாரோ என்ற அர்த்தத்தில்.

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார்.

கல்யாண நாள் நெருங்கியதால் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசையிலேயே ஞானஸ்நானத்தை வைத்துக்கொண்டோம். நான் வெள்ளைச் சேலையில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். பூசை தொடங்குமுன் ஒருவர் மைக்கில் அன்றைய பூசை யாருக்காக என்ற கருத்தை வாசித்தார். அப்பாவின் பெயர் கேட்டது. அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்றார்.

சுவாமியின் கண்ணில் படாமல் பெயரைக் கொடுத்திருந்தது வருங்கால மாமி. அவர்கள் குடும்பங்களில் நல்ல காரியத்துக்கு முன் செத்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பது வழக்கம். மருமகளின் தகப்பனை விட்டுவிடக் கூடாது என்று அன்பாகச் செய்திருக்கிறார். அப்பா இல்லை என்றால் செத்துவிட்டார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

அம்மா எழும்பினார். போய்விடுவார் என்று நினைத்தேன், நானும் போகத்தான் திரும்பினேன். அவர் நேரே சுவாமியிடம் போனார்.

"அவர் செத்தவர் எண்டு ஆர் சொன்னது?"

கோயில் முழுக்கக் கேட்டது. மாமி வாயைப் பொத்திக்கொண்டார். சுவாமி மைக்கைத் தானே வாங்கி, அப்பாவின் பெயரை மறுபடி சொல்லி, "அவர் எங்கை இருந்தாலும் சுகமா இருக்கவேணும் எண்டு மன்றாடுவம்" என்றார். அம்மா திரும்பிப் போய் அதே இடத்தில் இருந்தார்.

என் முறை வந்தது. விருப்பமா என்று கேட்டார்கள். கால்கள் ஓடத் துடித்தன. அந்த ஃப்ரீசியனை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அவனுக்கு ஒரு பதில் கிடைத்தது. நரகம் என்றாவது ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால், அப்பா இருக்கிற இடம் அதுதான் என்று நானும் காலை எடுத்திருப்பேன். எடுத்துவிட்டு எங்கே போவது? விருப்பம் என்றேன், குனிந்தேன்.

பூசை முடிந்ததும் வாசலில் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, சேலைத் தலைப்பால் என் ஈரத் தலையை அழுத்தித் துடைத்தார்.

"யோசியாதை. கொப்பா வந்து ஏன் மாறினீ எண்டு கேட்டா, நான்தான் விட்டனான் எண்டு சொல்லுறன்."

"ஓம் அம்மா" என்றேன்.