சுஹைரா தொடவிடாத ஓட்டோ

சுஹைராவை லேசுப்பட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். மூதூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி இறக்கும் ஒரே பெண் அவள். புது ஓட்டோ வாங்கி மூன்றே மாதத்தில் அது வயல் வாய்க்காலுக்குள் பாய்ந்தது. அதில் இருந்த சிறுமி ரிப்காவுக்குக் கை முறிந்தது. ஹேண்டில் கையோடு கழன்று வந்தது என்று சுஹைரா சொன்னதை யார் கேட்டார்கள்? பொம்பிளை ஓட்டினால் இப்படித்தான் என்று ஊரே வாயில் போட்டு மென்றது. ரிப்காவின் தாய் ஷிஃபானா ஆஸ்பத்திரியில் சுஹைராவின் முகத்தையே பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வண்டி கவிழ்ந்தால் பொலிசுக்கு முன்னால் வெல்டிங்காரன் வந்துவிடுவான். எங்கள் ஊர் வெல்டிங்காரர் றிப்தி சுஹைராவுக்குச் சொந்த நானா, கூடப்பிறந்த அண்ணன் வேறு. அவர் ஓட்டோவை டிராக்டரால் இழுத்துத் தன் கராஜில் விட்டு, ஒரு மணித்தியால வேலை என்றார். சேறு காயாத உடுப்போடு அவள் போய் ஓட்டோவுக்கு முன்னால் நின்றாள்.

"கம்பியக் கீழ வைங்க நானா. இதத் தொட்டா என்ட பக்கம் சொல்ல ஒண்டும் மிஞ்சாது."

அன்று பின்னேரமே ஓட்டோவை விற்ற கம்பனியின் ஆளும் வந்தார். முறிந்த துண்டைத் தந்தால் இலவசமாகப் புதியது போட்டுத் தருவாராம். என்ன தாராளம்! அவரையும் அனுப்பிவிட்டு, பொலிஸ் வந்து எடுக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

கவனயீனமாக ஓட்டியதாக வழக்கு விழுந்தது. தோற்றால் லைசன்சும் போகும், பிள்ளைகளும் போவார்கள். சட்டத்தரணி சுதர்சிகா வழிகளைச் சொன்னார்: மோட்டார் பரிசோதகரைக் கொண்டு முறிந்த இடத்தைப் பார்க்கச் சொல்லலாம், பழுது கம்பனியுடையது என்றால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், நுகர்வோர் அதிகாரசபைக்கும் முறையிடலாம்.

"மூண்டையும் செய்வம்," என்றாள் சுஹைரா.

பரிசோதகரின் அறிக்கை வந்தது. ஹேண்டில் தண்டில் தொழிற்சாலை வெல்டிங் பாதிதான் பிடித்திருந்தது. உள்ளே பழைய துரு. அடிபட்டு முறிந்ததல்ல. நீதவான் அவளை விடுதலை செய்தார். அந்த அறிக்கையை வைத்துச் சுதர்சிகா போட்ட வழக்கில் கம்பனி இறங்கிவந்தது. ரிப்காவுக்கு நட்டஈடும் சுஹைராவுக்கு வேறு ஓட்டோவும் கொடுத்தது. அதே தொகுதியில் செய்து விற்ற மற்ற ஓட்டோக்களையும் கம்பனி அதிகாரசபை திருப்பியழைக்க வைத்தது.

திங்கட்கிழமை காலை, வழமையாகப் பிள்ளைகளை ஏற்றும் முதலாவது சந்தியில் சுஹைரா புது ஓட்டோவை நிறுத்தினாள். ஷிஃபானா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"உங்களப் பிழையா நினைச்சிட்டன் ராத்தா. இவள நீங்களே கூட்டிக்கொண்டு போங்க."

ரிப்கா ஏறி, ஆறிய கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சுஹைரா கண்ணைத் துடைத்துவிட்டு ஹோர்னை நீட்டி அடித்தாள். கடைத்தெரு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.