மைசூரிலிருந்து இரண்டு சாக்கு மண்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கொள்ளேகாலத்தில் பஸ் ஏறினேன். மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்க்கப் போவார்கள், சாமுண்டி மலை ஏறப் போவார்கள். நான் ஊஞ்சல் பார்க்கப் போனேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். எங்கள் பஞ்சாயத்து போர்டில் ஏற்கெனவே சிரித்தாயிற்று.

சங்கதி இதுதான். நான் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். சந்தைக்குப் பின்னால் ஒரு காலி நிலம் கிடக்கிறது. குழந்தைகள் விளையாடவும், பெண்கள் காலாற நடக்கவும், வயதானவர்கள் கைகால் நீட்டி மடக்கவும் அதை மைதானமாக்கித் தாருங்கள் என்று மனுக் கொடுத்தேன். போர்டுத் தலைவருக்கோ அங்கே வண்டிப்பேட்டை கட்ட ஆசை. அவருக்குத் தோதாக ஒரு விபத்தும் நடந்தது. என் வகுப்புச் சின்னத்தாயி பள்ளி ஊஞ்சலிலிருந்து கட்டாந்தரையில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மறுநாளே போர்டு ஆட்கள் ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தரையை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒரு ஊஞ்சலுக்கே இந்தக் கதி, மைதானம் வேறயாக்கும்? மகாராஜா ஊருலகூட பொம்பளை, கெழவன், கொழந்தைன்னு எல்லாத்தையும் ஒரே எடத்துல விட்டிருக்க மாட்டாங்க. வேணும்னா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க டீச்சர்" என்றார் தலைவர். கேலியாகத்தான் சொன்னார். புதன்கிழமை போர்டு கூடி நிலத்தைப் பற்றி முடிவெடுப்பதாக இருந்தது. நான் சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

ஏறக்குறைய நாற்பது மைல். டிக்கெட் பன்னிரண்டு அணா. டிரைவர் எங்கள் பக்கத்துக்காரர், வாய் சும்மா இருக்காதவர்.

"ஏனுங் டீச்சரம்மா, ஒத்தையிலயா போறீங்க? ஊட்டுக்காரர் வரலீங்களா?"

"அவருக்கு ஊஞ்சல் ஆடத் தெரியாதுங்க" என்றேன். அதன் பிறகு எல்லைச் சாவடி வரைக்கும் அவர் ஹாரனோடு மட்டும் பேசினார். எங்கள் ஊர் கோயம்புத்தூர் ஜில்லா, சாவடிக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம். சமஸ்தானத்துச் சேவகன் பைகளைத் தட்டிப் பார்த்து எங்களை அனுப்பினான். நரசிபுரத்தில் ஆறுகள் கூடும் இடத்தில் அரை மணி நேரம் நின்றோம். இட்லி சூடாக இருந்தது, சட்னி நேற்றையது.

பத்தரை மணிக்கு மைசூர். ஜட்கா வண்டிக்காரர் மண்டி மொஹல்லாவுக்கு நாலணா கேட்டார், மூன்றணாவுக்கு வந்தார். அகலமான ராஜவீதிகளில் குதிரை சுகமாக ஓடியது. மண்டி மொஹல்லாவுக்குள் நுழைந்ததும் தவணை முறையில் நகர ஆரம்பித்தது. மிளகாய் மூட்டை, வெல்ல மூட்டை, அதன்மேல் உட்கார்ந்து கணக்குப் பேசும் ஆட்கள், நடுவில் மாடு. அந்தச் சந்துகளில் குழந்தைகள் விளையாட இருந்த ஒரே இடம் வண்டிச் சக்கரங்களுக்கு இடையில்தான். என் சிநேகிதி ரோசம்மாள் ஏன் அங்கே மைதானம் கேட்டாள் என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ரோசம்மாள் இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ். கோயம்புத்தூரில் என்னோடு ஒரே விடுதியில் இருந்து படித்தவள். தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நகரசபைக்கு நடையாய் நடந்து, குஸ்திக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தாள். கன்னடத்தில் அந்தக் கூடத்தைக் கரடி மனை என்பார்கள். நம்மவர்கள் பயப்பட வேண்டாம், உள்ளே பயில்வான்கள்தான் இருக்கிறார்கள்.

மாலை நான்கு மணிக்கு மைதானத்தைப் பார்த்தேன். பார்த்ததும் வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? வாசலை நேராக வைக்காமல், இரண்டு குட்டைச் சுவர்களுக்கு நடுவே வளைத்து வைத்திருந்தாள். ஓடுகிற பிள்ளை நேரே தெருவில் போய் விழாது, மாடும் உள்ளே நுழையாது. வயதானவர்கள் உட்காரும் கல்பலகைகள் ஊஞ்சலைப் பார்த்தபடி இருந்தன. அவர்களுக்குப் பொழுது போகும், குழந்தைகளுக்குக் காவல் கிடைக்கும். இடுப்பு உயரத்தில் ஒரு மரக்கட்டை பொருத்தியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். ஓரமாகச் சுற்றிவரும் நடைபாதையில் நான்கு பெண்கள் செருப்பில்லாமல், கூச்சமுமில்லாமல் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தலைவர் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் ஊஞ்சல்கள் இரண்டும் கயிற்றால் மேலே இழுத்துக் கட்டப்பட்டிருந்தன.

"போன மாசம் ஒரு பொண்ணு விழுந்துட்டா, அக்கா. நெத்தியில நாலு தையல் நான்தான் போட்டேன். மறுநாளே நகரசபைக்காரங்க வந்து கட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள் ரோசம்மாள்.

நாற்பது மைல் தாண்டி வந்தும் அதே கதை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தரையை மாத்தறதுதானே?" என்றேன்.

"ஆத்து மணல் கொட்டினேன். ராத்திரியோட ராத்திரியா யாரோ வீடு கட்ட அள்ளிட்டுப் போயிட்டாங்க. இன்னொரு தடவை சும்மா கொட்டிக் குடுக்க நான் என்ன மணல் வியாபாரியா?" அவள் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். "நல்ல மண்ணு அங்க இருக்கு. குடுக்க மாட்டேங்கறாங்க."

குஸ்திக் குழியின் செம்மண் சாதாரண மண் இல்லை. சலித்து, கல் பொறுக்கி, எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து மிதித்த மண். ஆளைத் தலைக்கு மேல் தூக்கி அறைந்தாலும் எலும்பு தாங்கும். தசரா குஸ்திக்கு முன்னால் பழைய மண்ணை அள்ளிவிட்டுப் புது மண் போடுவார்களாம். பழையதைத் தெருவில் கொட்ட மாட்டார்கள், கோயில் பூந்தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பழைய மண்ணைத்தான் ரோசம்மாள் கேட்டிருந்தாள். கூடத்து உஸ்தாத், அதாவது குஸ்தி வாத்தியார், மறுத்துவிட்டார். அது பெண்கள் தொடக் கூடாத மண். பெண் நிழல் விழுந்தாலே ஆகாது என்பது அவர்கள் வழக்கம். ஊஞ்சலில் பெண் குழந்தைகளும் ஆடுவார்களே!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. குழியை அள்ளும் நாள் அதுதான். கூடத்து வாசலில் மூன்று மாட்டு வண்டிகள் நின்றன. பயில்வான்கள் கூடை கூடையாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். உஸ்தாத் சன்னப்பா நெற்றியில் விபூதியோடு, மார்பில் கை கட்டி நின்றார். அறுபது வயது இருக்கும், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. நானும் ரோசம்மாளும் போய் எதிரே நின்றோம். பின்னால் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"ஹெங்கசரு முட்டபாரது" என்றார். பெண்கள் தொடக் கூடாது. கொள்ளேகாலத்துக்காரிக்குக் கன்னடம் யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் நடந்த பேச்செல்லாம் கன்னடம்தான், தமிழில் தருகிறேன்.

ரோசம்மாள் குரலை உயர்த்தவில்லை. "உங்க பயில்வானுங்க தோள் நழுவி, காது கிழிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வர்றப்போ, உடம்புல ஒட்டியிருந்த இந்த மண்ணை யார் கழுவினாங்கன்னு நெனைக்கிறீங்க? இந்தக் கைதான். அன்னைக்கு ஆகாதுன்னு யாரும் எந்திரிச்சுப் போகலையே?"

கூடையோடு நின்ற ஒரு பயில்வான் தன் கிழிந்த காதைத் தடவிக்கொண்டார். உஸ்தாத் மட்டும் அசையவில்லை. "அது வைத்தியம். இது வழக்கம். பெண் தொட்டால் இந்த மண் சாமி தோட்டத்துக்கு ஆகாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும், தாயி."

"அப்ப தொட்ட மண்ணு என்ன ஆகும்?" என்று நான் கேட்டேன்.

"ஒன்றுக்கும் ஆகாது."

அவர் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. செருப்பைக் கழற்றினேன். கிட்டே நின்ற வண்டியில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டேன். ஒரு பிடி அள்ளி, பயில்வான்கள் செய்வது போலவே நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். ரோசம்மாள் அடுத்த வண்டியின் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது வண்டியைத் தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையையே அதில் இறக்கிவிட்டாள். அது சிரித்துக்கொண்டே ஒரு வாய் மண்ணும் தின்றது.

உஸ்தாத்தின் முகம் மண்ணைவிடச் சிவந்தது. அடிப்பார் என்றே நினைத்தேன். ஆனாலும் கையை வெளியே எடுக்கவில்லை. அவர் வண்டிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தன் வழக்கத்தைத் தானே மீறி அந்த மண்ணைக் கோயிலுக்கு அனுப்ப அவரால் முடியாது. ஒன்றுக்கும் ஆகாத மண்ணை வாசலில் வைத்துக்கொள்ளவும் முடியாது.

"எடுத்துத் தொலையுங்கள்!" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் இரண்டு ஊஞ்சல்களுக்கும் கீழே முழங்கால் ஆழம் பள்ளம் பறித்து மண்ணை நிரப்பினோம். கட்டுக்கயிற்றை ரோசம்மாளே கத்தியால் அறுத்தாள். முதலில் யாரை ஏற்றுவது? எந்தத் தாய் தன் பிள்ளையைச் சோதனைக்குக் கொடுப்பாள்? நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது.

"அக்கா, எலும்பு முறிஞ்சா நாளைக்குத்தான் கட்டுவேன். இன்னைக்கு எனக்கு லீவு" என்றாள் ரோசம்மாள்.

உயரப் போய்க் கையை விட்டேன். தொப்பென்று முதுகு பட விழுந்தேன். ஒரு நொடி மூச்சு நின்றது, பிறகு வந்தது. எழுந்து சேலையை உதறினேன். கல்பலகைப் பெரியவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவர் தனக்கும் ஒரு முறை ஆட இடம் வேண்டும் என்றார். அடுத்த நிமிஷம் குழந்தைகள் என்னைத் தள்ளிவிட்டு ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டார்கள்.

சுவருக்கு மேலே உஸ்தாத்தின் தலை தெரிந்தது. "வாரம் ஒரு முறை தண்ணீர் தெளித்துக் கொத்திவிடாவிட்டால் கல்லாகிவிடும். அப்புறம் என் மண்ணைக் குறை சொல்லாதீர்கள்!" என்று திட்டுகிற குரலிலேயே சொல்லிவிட்டு மறைந்தார்.

திங்கட்கிழமை, மீந்த மண்ணில் இரண்டு சாக்கு கட்டி பஸ் மேலே ஏற்றினேன். அதே டிரைவர். "மைசூருக்குப் போனா ஊதுபத்தி, சந்தனம்னு கொண்டாருவாங்க. நம்மூர்ல மண்ணுக்கா பஞ்சமுங்?" என்றார். சாவடிச் சேவகன் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவி, ஒன்றும் கிடைக்காத ஏமாற்றத்தோடு கையை முகர்ந்து பார்த்தான். வழி நெடுக நான் யோசித்தது ஒன்றுதான். மைசூரில் அகலமான வீதி உண்டு, மகாராஜா உண்டு, மின்சார விளக்கு உண்டு. இருந்தும் ஒரு ஊஞ்சலுக்கு அங்கேயும் பெண்கள் வண்டி மேல் ஏற வேண்டியிருந்தது. கொள்ளேகாலத்தில் மட்டும் மனு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நடக்கும் என்று நான் எப்படி நம்பினேன்?

புதன்கிழமை போர்டு ஆபீஸ். ஜன்னலுக்கு வெளியே சின்னத்தாயி கைக்கட்டோடு நின்றாள். "என்ன டீச்சர், மைசூர்ல பாத்தீங்களா?" என்றார் தலைவர். பதில் சொல்லாமல் இரண்டு சாக்கையும் ஆபீஸ் நடுவில் கவிழ்த்தேன். மெம்பர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நான் தலைவரின் மேசை மேல் ஏறினேன். அங்கிருந்து குதித்து, மண்ணில் உருண்டு, எழுந்தேன்.

"எந்த எலும்பு முறிஞ்சிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

ஜன்னலில் சின்னத்தாயி ஒற்றைக் கையால் தொடையில் தட்டிச் சிரித்தாள். தலைவர் வேட்டியில் தெறித்த மண்ணைத் தட்டினார். "மொதல்ல இதைக் கூட்டி அள்ளிட்டுப் போங்க டீச்சர்."

"அள்ளறேனுங்க. இதைக் கொட்ட ஒரே ஒரு எடந்தான் இருக்குது. அந்த எடத்தை எழுதிக் குடுங்க, இப்பவே அள்ளறேன்."

அன்று எழுதிக் கொடுக்கவில்லை. வண்டிப்பேட்டைத் தீர்மானத்தையும் எடுக்கவில்லை. இதை எழுதும் வரைக்கும் மண் போர்டு ஆபீஸ் நடுவில்தான் கிடக்கிறது. மெம்பர்கள் சுவரோரமாகச் சுற்றி நடந்து தங்கள் நாற்காலிக்குப் போகிறார்கள். நான் வாரம் ஒரு முறை செம்பும் களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் தெளித்துக் கொத்திவிட்டு வருகிறேன். கட்டு அவிழ்த்த பிறகு சின்னத்தாயியும் கூட வருகிறாள்.