ராணிக்கு ஒரு கேட்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் உத்திரமேரூர்ப் பக்கம் பூ என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. தேனீக்கள் பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் தேனீ வளர்ப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை, உண்மையைச் சொன்னால், ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது எங்கள் வாட்ஸப் குழுவைப் பார்த்தால் தெரியும். சீசனில் தேன் எடுத்த படம் எப்போதாவது ஒன்று வரும். மழைக்காலத்தில் ரம்பம், டிரில், அறுத்த பலகை, அறுபட்ட கட்டைவிரல் என்று படம் வந்துகொண்டே இருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் கார் கிடையாது, கார் ஷெட் உண்டு. அதுதான் என் பட்டறை. எனக்குக் கூட்டாளி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய். அவரும் பொழுதுபோக்குக்குத் தேனீ வளர்ப்பவர்தான். பழைய வாஷிங் மெஷினிலிருந்து தேன் பிழியும் இயந்திரம் செய்த மேதை. அடையை உள்ளே வைத்து சுவிட்சைப் போட்டோம். தேன் வந்தது, மறுக்க முடியாது. சுவரில், மின்விசிறியில், பாயின் தாடியில் எல்லாம் வந்தது. பாத்திரத்தில் மட்டும் வரவில்லை. "ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சி சார்" என்றார் பாய், ஏதோ உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்பதுபோல.

என் சாதனைகளும் குறைந்தவை அல்ல. உள்ளே பார்க்கக் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்று, சோலார் ஃபேன் வைத்தது ஒன்று, எடை காட்டும் தராசு மேல் நிற்பது ஒன்று, தெர்மோகோல் கூரை போட்டது ஒன்று, ஆக நான்கு பெட்டிகள். தேக்கு நிற வார்னிஷ் அடித்து வரிசையாக நிற்கும். பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். நான்கிலும் தேனீ கிடையாது, அது ஒன்றுதான் குறை. நம் ஊர்த் தேனீக்கு ரோஷம் அதிகம். வாரத்துக்கு மூன்று தடவை கூரையைத் தூக்கி வசதி எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், குடும்பத்தோடு கிளம்பிவிடும்.

எங்கள் வீட்டில் தேனீ இருந்த ஒரே பெட்டி என் மனைவியுடையது. காவாந்தண்டலத்தில் அவள் அம்மா வீட்டு மீட்டர் பெட்டியில் கூடு கட்டியிருந்ததை அவளே பொறுமையாகப் பிரித்து, தேனீ வளர்ப்புப் பயிற்சியில் கொடுத்த சாதாரணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். மூன்று வருடமாக முருங்கை மரத்தடியில் இருந்தது. காலையில் டீ டம்ளரோடு போய் அதன் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் கால்களுக்கு அடியில் வைத்த கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றுவாள். அவ்வளவுதான் அவள் தொழில்நுட்பம். நான்கு பெட்டிக்காரனுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். எரிந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருட மழையில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள மனைவி கிளம்பினாள். பையை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றவள், என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னாங்க, பொட்டிய தொறக்காதீங்க. உங்க புத்திசாலித்தனம் எதுவும் இதுக்கு வாணாம். கிண்ணத்துல தண்ணி ஊத்துங்க, அது போதும். அம்மாவுக்கு ஒடம்பு நேரானதும் வந்துடுவேன். நான் திரும்பி வரச்சொல்ல இது இருக்கணும்."

"நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்றேன். அவள் பஸ் ஏறிவிட்டாள்.

ஐந்து நாள் தண்ணீர் ஊற்றினேன். ஆறாம் நாள் பாய் வந்து பெட்டி வாசலை உற்றுப் பார்த்தார். "மழைல பூவும் இல்ல, தீனியும் இல்ல. ஓடிப்பூடும் சார். அப்புறம் வூட்ல உங்களுக்குத்தான் பேஜாரு" என்றார்.

ஓடாமல் தடுக்க என்ன வழி என்று யோசித்தேன். இதற்கென்று ராணி கேட் ஒன்று உண்டு. வாசலில் பொருத்தும் தகடு. அதில் உள்ள பிளவு வழியாக வேலைக்காரத் தேனீ போய்வரும். உடம்பு பெருத்த ராணி நுழைய முடியாது. ராணி வெளியே போகாவிட்டால் மற்றவையும் போகாது. கடையில் வாங்கலாம். ஆனால் எங்கள் கூட்டத்தில் கடையில் வாங்கினேன் என்று சொல்பவனுக்கு என்ன மரியாதை? பாய் கடையிலிருந்து பித்தளைத் தகடு வந்தது. கார் ஷெட்டில் அரத்தோடு உட்கார்ந்தேன். முதல் தகட்டில் பிளவு பெரிதாகிவிட்டது. இரண்டாவதில் வேலைக்காரத் தேனீயே சிக்கும் போலிருந்தது. மூன்றாவது வளைந்துவிட்டது. நான்காவது தகடு, வெர்னியர் வைத்து அளந்து, ராவி ராவி, இரண்டு பக்கமும் பிசிறில்லாமல் வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த பொருள்களில் அளவு சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

பெட்டியைத் திறக்காதே என்றுதானே சொன்னாள்? திறக்கவில்லை. வாசலில் நான்கு ஆணி அடித்தேன், அவ்வளவுதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கேட் அற்புதமாக வேலை செய்தது. வேலைக்காரத் தேனீக்கள் சரசரவென்று போய்வந்தன. குண்டு குண்டான ஆண் தேனீக்கள் உள்ளே முட்டிக்கொண்டு நின்றன. மழைக்காலத்தில் இத்தனை ஆண் தேனீ ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கும் நேரத்தில் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். குழுவில் பாராட்டு குவிந்தது. ஒருவர் அளவு கேட்டார். நான் பிகு பண்ணிக்கொண்டு அனுப்பினேன்.

அடுத்த வாரம் கனமழை எச்சரிக்கை என்று பள்ளிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். விடுமுறை விட்டாயிற்று என்றதும் வழக்கம்போல வெயில் சுள்ளென்று அடித்தது. முதல் நாள் மதியம், கேட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு தேனீ வந்து நின்றது. பிளவில் தலையை விட்டது, பின்வாங்கியது, அடுத்த பிளவுக்குப் போனது. ராணி! ராணி ஓடப் பார்க்கிறது, என் கேட் தடுக்கிறது! வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். 'பார், நான் இல்லாவிட்டால் உன் பெட்டி காலி' என்று எழுதியும் அனுப்பினேன்.

சற்று நேரத்தில் போன் வந்தது.

"அது நம்ம ராணி மாதிரி இல்லியே. நம்மளது நல்லா குண்டா இருக்கும். இது ஒல்லியா கீது."

"ஓடறதுக்கு முன்னாடி ராணி இளைக்கும். பறக்கணும்ல?" என்றேன். புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். புத்தகத்தில் இருக்கிற விஷயத்தைத் தப்பான இடத்தில் சொல்வதற்குத்தானே வாத்தியாராக இருக்கிறேன்.

"எனக்கு இன்னாமோ சரியா படல. அந்தத் தகட்ட எடுத்துடுங்களேன்."

"எடுத்தா ஓடிப்பூடும். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

அந்தப் பக்கம் மாமியார் முனகும் சத்தம் கேட்டது. மனைவி போனை வைத்துவிட்டாள். இரண்டாம் நாளும் ராணி வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. நான்காம் நாள் மழை நிஜமாகவே பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

மனைவி ஒன்றரை மாதம் கழித்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் முருங்கை மரத்தடிக்குப் போனாள். தகட்டைப் பிடுங்கினாள், மூடியைத் திறந்தாள். தேனீ பாதிகூட இல்லை. அடை கட்டியிருந்த மரச்சட்டம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். வேலைக்காரப் புழுக்கள் இருக்கும் அறைகளின் மெழுகு மூடிகள் சமதளமாக இருக்க வேண்டும். இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாக, கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தன. எல்லாம் ஆண் புழுக்கள். வேலை செய்யப் பிறந்தது ஒன்றுகூட இல்லை.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பழைய ராணி தளர்ந்துபோக, தேனீக்களே ஒரு புது ராணியை வளர்த்திருக்கின்றன. புது ராணி வாழ்நாளில் சில மதியங்கள்தான் வெளியே பறக்கும். வானத்தில் ஆண் தேனீக்களோடு கூடிவிட்டு வீடு திரும்பும், அதற்குப் பிறகுதான் சரியான முட்டை வைக்கும். பிறந்த சில வாரங்களுக்குள் அப்படிப் போக முடியாவிட்டால், அது கடைசிவரை ஆண் முட்டைதான் வைக்கும், கூட்டம் மெல்ல மெல்லத் தேய்ந்து அழியும். குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துவதே நான்தான். வேறொரு கூட்டத்திலிருந்து முட்டை வைத்த சட்டம் ஒன்று கொடுத்தால் பிழைக்கும் என்றும் நடத்துவேன். என்னிடம் இருந்தது வார்னிஷ் அடித்த நான்கு காலிப் பெட்டி. பாய்க்குப் போன் போட்டேன். அவர் பெட்டியும் போன வாரமே காலியாம்.

மனைவி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் திருப்பிப் பேசித் தப்பித்திருப்பேன். அவள் சட்டத்தை மெதுவாக உள்ளே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: அது ஓட வரவில்லை, போய்த் திரும்பி வரத்தான் வந்தது, நான்தான் அடைத்துவிட்டேன்.

அவள் மூடியைச் சாத்திவிட்டு, அதன் மேல் கையை வைத்தபடி கேட்டாள்.

"எத்தினி நாளு வந்துச்சி, வாசலுக்கு?"

"மூணு நாளு."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்" என்றேன். "ஸ்டூல் போட்டு ஒக்காந்து பாத்துக்கினு இருந்தேன்."