நான்கு வளையங்கள்

பெற்றோர் வைத்த பெயரை வங்கியில் மட்டும்தான் சொல்லி அழைப்பார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் மில்லிமீட்டர். பந்தய சைக்கிளை ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்றபடி அளந்து பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் செய்து, உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டு, அதற்குப் பதக்கமும் வாங்கி வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்கள்தான் வாடிக்கையாளர்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கீழ இறக்குங்க." அந்த சைக்கிளின் கைப்பிடியில் முன்கைகளைத் தாங்க இரண்டு சின்ன மெத்தைகள் இருக்கும். மெத்தைக்கு அடியில் வளையங்கள். வளையத்தை எடுத்தால் மெத்தை இறங்கும். மெத்தை இறங்கினால் முதுகு படுக்கும். முதுகு படுத்தால் எதிர்காற்று மேலோடு போய்விடும், நேரம் மிச்சமாகும். ஒரு வளையம் ஐந்து மில்லிமீட்டர். ஒரு சைக்கிளுக்கு நான்கு வளையங்கள்.

மில்லிமீட்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு தடவைக்கு ஒரு வளையம்தான். எடுத்த தேதியை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து, "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார். காலில் விழுந்தாலும் மசியமாட்டார். கழுத்தறுப்பு என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் உண்டு. முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு.

சட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். இருபத்து நான்கு வயதில் பந்தயத்துக்கு முந்தின நாள் நான்கு வளையத்தையும் தானே கழற்றிவிட்டு ஓட்டினார். அரை மணி நேரத்தில் தலையைத் தூக்க முடியவில்லை. முன்சக்கரமும் சாலையோரத்து வெள்ளைக் கோடும்தான் தெரிந்தன. நிறுத்தியிருந்த லாரி தெரியவில்லை. அன்றிலிருந்து கழுத்து இடது பக்கம் திரும்பாது. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால், பீரோவை நகர்த்துவதுபோல் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்தப் பூனை அதோடு நிற்காமல், வேறு யாரும் அடுப்பே பற்றவைக்கக் கூடாது என்றது.

அவருக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயதில் சைக்கிள் ஏறியவள் இருபத்திரண்டில் அணித் தேர்வு வரை வந்தாள். அந்த வயதோடு தேர்வுக்கான வரம்பு முடிகிறது, அடுத்த வருடம் என்பது கிடையாது. "நாலையும் எடுத்துருங்கப்பா" என்று கேட்டாள். அவர் தேர்வுக்குள் இரண்டைத்தான் எடுத்தார். மூன்றாவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. சட்டம் என்றால் சட்டம்தான், மகளுக்கு மட்டும் தனிச் சட்டமா? பதினொரு விநாடி வித்தியாசத்தில் வாய்ப்பு போயிற்று. வேறு கடைக்குப் போயிருக்கலாம். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

இப்போது அவளுக்கு இருபத்தேழு. மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். சைக்கிள் அப்பாவின் கடைச் சுவரில், கொக்கியில் தொங்குகிறது.

போன வருடத்திலிருந்து மச்சினனும் இந்தப் பந்தயங்களில் இறங்கியிருந்தான். மனைவியின் தம்பி, டைல்ஸ் வியாபாரம், நாற்பத்தொரு வயது, பள்ளி நாளில் நீச்சலில் வாங்கிய கோப்பையைப் பற்றி இன்னும் பேசுகிறவன். வேண்டாத மருமகள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்கிற கதைதான் மில்லிமீட்டருக்கும் அவனுக்கும். அவன் சிரித்தாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மச்சானை விருந்துக்குக் கூப்பிட்டா இன்னைக்கு ஒரு வாய்தான் சாப்பிடுவாரு. அடுத்த வாய்க்கு மூணு மாசம் ஆகும்" என்று கடையில் நாலு பேர் முன்னால் சொன்னான். நாலு பேரும் சிரித்தார்கள். "நாலு வளையத்தையும் எடுங்க மச்சான். அடுத்த வாரம் பந்தயம்."

"சரி" என்றார் மில்லிமீட்டர்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவிக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் மனதில் ஓடியது இதுதான்: முப்பதாவது கிலோமீட்டரில் கழுத்து தொங்கட்டும், இறங்கி ரோட்டோரம் உட்காரட்டும், சாக வேண்டாம், அழுதால் போதும்.

எண்ணம்தான் கெட்டது. கை கெட்ட வேலை செய்து பழகவில்லை. வளையங்களை எடுத்த கையோடு சைக்கிள் சீட்டை முன்னால் தள்ளியது, ஒரு துளி உயர்த்தியது, தொடை வயிற்றில் இடிக்காமல் பார்த்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மச்சினன் அழவில்லை. சைக்கிள் பகுதியில் மட்டும் போன வருடத்தைவிட ஒன்பது நிமிடம் குறைத்து, தன் வயதுக்காரர்களில் முதலாவதாக வந்தான். அன்று மாலையே பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டான்.

"கழுத்து வலிக்கலயா?" என்று மில்லிமீட்டர் கேட்டார். குரலில் ஆசை இருந்தது.

"வலியா? அப்படியே தூங்கிடலாம் போல இருந்துச்சு மச்சான். இத்தனை நாளா ஊரை ஏமாத்திட்டீங்களே!"

எதிரில் உட்கார்ந்திருந்த மகள் கையை நிறுத்தினாள். "எத்தனை வளையம் மாமா?"

"நாலும்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள் என்ன, அரை மணி நேரம்!"

அவள் மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். கொக்கியிலிருந்து சைக்கிளை இறக்கி, தூசி துடைத்து, டயருக்குக் காற்றடித்து, நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்டில் மாட்டினாள். ஐந்து வருடத்துக்கு முந்தைய இரண்டு அட்டைகளை அவர் மேஜையில் வைத்தாள்.

"மிச்சம் ரெண்டையும் எடுங்க."

எடுத்தார். அவள் மருந்துக் கடைச் சீருடையோடு ஏறி முன்கைகளை மெத்தையில் வைத்து மிதித்தாள். பக்கவாட்டுக் கேமரா படம் பிடிக்க, அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு பலகைபோல் படிந்திருந்தது. தலை தன்பாட்டுக்கு நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தது. பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. வாயைத் திறந்து ஒரு மூச்சுகூட வாங்கவில்லை அவள்.

அவளுக்கு வலிக்க வேண்டும் என்று பெற்ற அப்பன் வேண்டிக்கொண்டார். கொஞ்சமாவது வலிக்கட்டும், தோளையாவது ஒரு தடவை குலுக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினார். அரை மணி நேரம் ஆனது.

"வலிக்கலப்பா" என்றாள்.

"இப்பத் தெரியாதும்மா. பழக்கம் இல்லாத உடம்பு, நாளைக்கு..."

"அஞ்சு வருஷமா சைக்கிள் பக்கமே போகல. அப்படியும் வலிக்கல." இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாமாவுக்கு மட்டும் ஏன் எடுத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் நல்ல பொய்யாக ஒன்று தயாராகவும் இருந்தது.

"அவன் கஷ்டப்படட்டும்னு எடுத்தேன்" என்றார்.

"எனக்கு?"

"உனக்கு எதுவும் ஆகிடக் கூடாதுன்னு பயந்தேம்மா. என் கழுத்து மாதிரி உனக்கும்..."

"என் கழுத்தைப் பார்த்தீங்களா அன்னைக்கு? ஒரு தடவை ஏத்தி உட்கார வெச்சுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. இந்த ஸ்டாண்டு அன்றும் இங்கேதான் இருந்தது, கேமராவும் இருந்தது. இருபத்தைந்து வருடமாக வந்தவர்கள் எல்லோரையும் இங்கேதான் ஏற்றி உட்கார வைத்து அளந்திருந்தார். ஆனால் எத்தனை வளையம் என்பதை மட்டும் தன் கழுத்தை வைத்தே முடிவு செய்திருந்தார்.

அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"என்னையும் கொஞ்சம் வெறுத்திருக்கலாம்லப்பா" என்றாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு வளையத்தையும் திரும்பப் போட்டுருங்க. யாராவது கேட்டா வித்துடலாம்."

வாசல் அவருக்கு இடது பக்கம் இருந்தது. அவர் உடம்பைத் திருப்பி வாசலைப் பார்ப்பதற்குள் அவள் தெருவைக் கடந்துவிட்டிருந்தாள்.