அப்பா ஜாடியைக் கவிழ்த்த பெரிய வாரம்

பிள்ளைகளா, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தால் பக்கத்து வீட்டில் பன்னும் கேக்குமாக இருக்க, நம் வீட்டில் மட்டும் ஏன் வறட்டு ரொட்டி என்று போன வருஷம் சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தை விட்டுப் புறப்பட்டதைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன். என் படிப்பு எட்டாவதோடு சரி. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

மலைமேல் நாயுடுபுரத்தில் என் அப்பாவுக்கு ஒரு சின்ன ரொட்டிக்கடை இருந்தது. கீழே மதுரைப் பக்கம் என்றால் மாவு தானாகப் புளிக்கும். மலைக்குளிரில் பிசைந்தது பிசைந்தபடியே கிடக்கும். கள் ஊற்றிப் புளிக்கவைக்கலாமென்றால் மதுவிலக்கு. சீமை யீஸ்ட் டப்பா பெரிய ஓட்டல்களுக்குத்தான் கட்டுபடியாகும். ஆகவே எங்கள் பிழைப்பெல்லாம் ஒரு பீங்கான் ஜாடிக்குள் இருந்தது. உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் கரைத்துப் புளிக்கவிட்ட மாவு. தினமும் அதிலிருந்து எடுத்துப் பிசைவார்கள். எடுத்த அளவுக்குப் புது மாவு சேர்ப்பார்கள். என் தாத்தா ஒரு துரைவீட்டுக் குசினியில் சமையல்காரராக இருந்த காலத்தில் போட்டது, சாகவிடாமல் வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் எங்களுக்குக் கம்பளி இருந்ததோ இல்லையோ, ஜாடிக்கு இருந்தது.

அந்த மாவில் தாத்தா பிரித்துக் கொடுத்த ஒரு பங்கு அட்டுவம்பட்டியிலும் இருந்தது. அங்கே அப்பாவின் கூடப்பிறந்த தம்பி தனியாகக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அவருக்கு முறை சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. அட்டுவம்பட்டிக்காரன் என்பார்கள், அதுவும் எப்போதாவது.

காரணம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாத்தா இறந்தபோது தம்பி ஒரு வேலையாகப் பெரியகுளத்தில் இருந்தார். தகவல் கிடைத்துப் புறப்பட்டவரை மழையும் மண்சரிவும் பாதி வழியில் நிறுத்திவிட்டன. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே மலையேறி வந்தார். அவர் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்தாயிற்று. ஒருதரம் திறங்கள், முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டாராம். மழை வலுக்கிறது, போதகர் அவசரப்படுகிறார், அடித்த ஆணியைப் பிடுங்கக்கூடாது என்று அப்பா மறுத்துவிட்டாராம். அதன்பிறகு இருவரும் ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடி வந்தார்கள். எனக்கு ஒன்பது வயசாகும் வரைக்கும் அப்படித்தான்.

அந்த வருஷம் பெரிய வாரத்து ஜெபக்கூட்டத்தில் போதகர் இஸ்ரவேலரின் பஸ்கா பண்டிகையைப் பற்றிப் பேசினார். ஏழு நாளைக்கு வீட்டில் புளித்தமா இருக்கக்கூடாது என்பது அவர்களுக்குக் கட்டளை. விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் தேடிக் கூட்டி எறிவார்களாம். நம்முடைய பழைய புளித்தமா எது, அவரவர் வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள் என்று முடித்தார். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஜாடியைத் தூக்கினார். மாவுக்குத் தண்ணீர் விடப்போகிறார் என்று நினைத்து அம்மா சொம்பை நகர்த்தி வைத்தாள். அவர் பின்கதவைத் திறந்து, வேலியோரம் ஜாடியைக் கவிழ்த்தார். மாவு ஒரேயடியாக விழவில்லை. விட மனசில்லாததுபோல இழுத்து இழுத்து இறங்கியது. பிறகு தண்ணீர் விட்டு அலசி அதையும் கொட்டினார்.

அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றாள். ஈஸ்டர் முடிந்தால் சீசன். கீழேயிருந்து வருகிறவர்கள் பங்களாக்களைத் திறப்பார்கள். அந்த இரண்டு மாச ரொட்டிதான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

"ஏங்க, என்ன சோலி பாத்துட்டு வந்து நிக்கிறீங்க?" என்றாள் அம்மா.

"வேதத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"வேதத்துல இருக்கவுக ரொட்டிக்கடை வச்சா பொழச்சாக?"

எங்கள் கடையில் மாவு பிசைகிற மாமா, அம்மாவின் தம்பி, வேலியோரம் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "மச்சான், போதகர் ஐயரு சொன்னது நெஞ்சுக்குள்ள கெடக்குற மாவ. நீங்க ஜாடியில இருந்தத ஊத்திட்டீங்க."

"ரெண்டும் ரொம்பத் தூரமில்லப்பா," என்றார் அப்பா.

"இந்த மாவு ஊர்ல இன்னும் ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு. தெரியுமில்ல?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியும்."

மறுநாளிலிருந்து வெறும் மாவைத் தட்டிச் சுட்டார்கள். எகிப்திலிருந்து கிளம்பினவர்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை, போக வேண்டியவன் காத்திருக்கக்கூடாது என்று அப்பா எங்களுக்குச் சொன்னார். மாமா ஒரு ரொட்டியை வளைத்துப் பார்த்து, "ஏலே, இத வச்சுச் செருப்புத் தைக்கலாம்லே," என்று என் காதில் சொன்னார். அவர் திருட்டுத்தனமாக ஒரு சட்டியில் புது மாவு கரைத்து அடுப்போரம் வைத்தும் பார்த்தார். அது நுரைக்கவில்லை, பூசணம்தான் பூத்தது. அம்மா அழக்கூட இல்லை. பங்களாக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் கட்டி, கோட்டுப் போட்டு, ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார். "வாலே, வெரசா," என்று என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்று கேட்கப் பயம். அட்டுவம்பட்டி வந்ததும் அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். ரொட்டி வாசனை அடித்த ஒரு வாசலில் அப்பா நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போதகர் முன்னால்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து வந்தவர் அப்பாவின் முகத்தையே வைத்திருந்தார். அதுவே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆலயத்தில் தூரத்தில் பார்த்தபோது தெரியவில்லை.

"என்ன வேணும்?" என்றார்.

"கொஞ்சம் மாவு."

"ஒங்க மாவு என்னாச்சு?"

"கொட்டிட்டேன்."

அவர் அப்பாவை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். "அது அப்பா மாவு. அதக் கொட்ட எப்படி மனசு வந்துச்சு?"

"அப்பா மொகத்தையே ஒனக்குக் காட்டாம மூடுனவன் நான். மாவக் கொட்டத் தெரியாதா?"

அடுப்பில் விறகு வெடித்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"செத்த நேரம் பொறுத்திருக்கலாம்," என்றார் அவர்.

"பொறுத்திருக்கலாம்."

"ஆணியப் பிடுங்கினா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"ஒண்ணும் கொறஞ்சிருக்காது. நாந்தான் தப்புப் பண்ணேன்."

பிள்ளைகளா, என் அப்பா தப்பு என்று ஒத்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை. அம்மாவிடம் இல்லை, மாமாவிடம் இல்லை. மண் பிளந்ததுபோல இருந்தது எனக்கு. மழையைச் சொல்லியிருக்கலாம், போதகரின் அவசரத்தைச் சொல்லியிருக்கலாம். ஒன்றையும் சொல்லாமல் வெறுங்கையாக நின்றார்.

அப்பாவின் தம்பி கட்டிப்பிடிக்கவில்லை, அழவுமில்லை. தூக்குச்சட்டியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்ப வரும்போது அது நிறைந்திருந்தது. அப்பா கையில் கொடுத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "மூடிய இறுக்கிறாதீங்கண்ணே, பொங்கிரும். குளிரு படாமக் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டுப் போங்க," என்றார்.

அந்த 'அண்ணே'வைக் கேட்டதும் அப்பாவின் தாடை நடுங்கியது. அதைப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது. வழி நெடுக அவர் சட்டியைக் கோட்டுக்குள் அணைத்தபடியே நடந்தார்.

அம்மா எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. மூடியைத் திறந்து நுரையைப் பார்த்தாள். பிறகு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா?" என்றாள்.

அப்பா அடுப்புக்கு விறகு எடுக்கப் போனார். அம்மா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு கொஞ்சமாகவா கொடுத்தார்கள் என்று அவள் குறைப்படுவதாக நான் எடுத்துக்கொண்டேன். அப்பா வேதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு மாவைக் கொட்டினார், கொட்டியதால் தம்பியிடம் கையேந்த நேர்ந்தது என்றுதான் அன்றைக்கு என் கணக்கு. பல வருஷம் அப்படியே நினைத்திருந்தேன். வேறு காரணம் சொல்லிக்கொண்டு அந்த வாசலுக்குப் போக முடியாத மனுஷன், போயே தீரவேண்டிய நெருக்கடியைத் தானே உண்டாக்கிக்கொண்டார் என்பதற்கு எனக்குப் புத்தி எட்டவில்லை. ஜாடியைக் கழுவுகிறது சுலபம். நெஞ்சுக்குள் கிடப்பதைக் கழுவுகிறது அப்படியில்லை. அதைத்தான் போதகர் தேடச் சொன்னார் என்பதும் நான் தகப்பனான பிறகுதான் விளங்கியது. அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேதத்தில் போட்டிருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா மாவு பிசைய உட்கார்ந்ததும், நான் யாருக்கும் தெரியாமல் பேரிக்காய் மரத்துக்கு அந்தப் பக்கம் போனேன். சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டேன். அதுவரை வாயால் சொல்லியிராத ஒரு வார்த்தையை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் தரம் நாக்கு தடுக்கியது. மறுபடியும் சொன்னேன்.

"சித்தப்பா."