எல்லாம் மெயில்ல இருக்கு

என் தங்கை இறந்து பல வருஷமாகிறது. அவள் மகள் இப்போது சிதம்பரத்தில் படிக்கிறாள், அவள் அம்மா படித்த அதே ஊரில். ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை கடலூருக்கு என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பெரியம்மா, என் வயசுல அம்மா எப்பிடி இருந்தாங்க? ஒரு போட்டோ குடுங்களேன், ரூம்ல வச்சிக்கறேன்."

கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கெடிலம் ஆறு கரை மீறி வீட்டுக்குள் வந்த வருஷம் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர். தங்கையின் கல்யாண ஆல்பம் உட்பட எல்லா ஆல்பங்களும் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் முகமாக உரிந்து வந்தது. கைபேசிகளில் இருப்பவை எல்லாம் தங்கைக்கு நோய் வந்த பிறகு எடுத்தவை, முடி கொட்டிப்போய்த் தலையில் துண்டு கட்டியிருப்பாள். அவை இந்தப் பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் இருக்கின்றன, இவள் அவற்றைத் திறப்பதில்லை. சமூக வலைத்தளத்தில் தங்கையின் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் முகப்புப் படமாக அவள் வைத்திருப்பது மகளின் கைக்குழந்தைப் படத்தை. அதற்கு முன்பு அவள் விழுந்து கிடந்த இன்னொரு தளத்தை, நடத்தியவர்களே இழுத்து மூடிவிட்டார்கள். கடை காலி செய்கிறவன்கூட வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுப் போவான். இவர்கள் சொன்னார்களாம், மெயில் அனுப்பினார்களாம். யார் படித்தார்கள்?

ஆனாலும் நான் தைரியமாகத்தான் சொன்னேன். "எல்லாம் மெயில்ல இருக்குடி."

அது தங்கை சொன்னது. ஆல்பம் போய்விட்டதே என்று நான் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதபோது அவள்தான் சொன்னாள், "போனா போவுதுக்கா, எல்லாம் மெயில்ல இருக்கு" என்று. படிக்கிற காலத்திலேயே பழைய படங்களை ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து, சிடி கீறல் விழும், பென்டிரைவில் வைரஸ் வரும் என்று தனக்குத்தானே மெயில் போட்டுக்கொண்டவள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். சர்டிபிகேட், ஜாதகம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வோம். மெயில் என்பது எங்களுக்குக் காசில்லாமல் கிடைத்த பீரோ.

அந்த மெயிலைத் தங்கை தொடங்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், பலகை அடித்துத் தடுத்த அறை, ஒரே நாற்காலியில் இரண்டு பேரும் பாதி பாதி உட்கார்ந்திருந்தோம். பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் போட்டுவிட்டு ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டோம். பாஸ்வேர்டு மறந்துபோனால் கேட்பார்களாம்: உங்கள் அம்மாவின் மெய்டன் நேம் என்ன?

"மெய்டன் நேம்னா இன்னாக்கா?"

எனக்கு மட்டும் தெரியுமா? கடைக்காரரைக் கேட்டோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு இன்னா பேரோ அத அடிம்மா" என்றார்.

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பேர். மாறியது இனிஷியல் மட்டும்தான். குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்தால்தானே மாற்றுவதற்கு. தங்கை கொஞ்சம் யோசித்தாள். பிறகு திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, தனக்குள்ளேயே சிரித்தபடி எதையோ அடித்தாள். நான் கேட்டதற்குச் சொல்லவில்லை.

இப்போது பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் போக, அந்தக் கேள்விதான் எங்கள் முன்னால் வந்து நின்றது. அதற்கு முன்பாக நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் நெளிந்த எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். இப்போது சிக்னல் கம்பம் எங்கே, பஸ் எங்கே என்று படத்தைத் தொடச் சொல்கிறார்கள். செத்துப்போனவளின் பெட்டியைத் திறக்க நான் உயிரோடிருக்கிற மனுஷி என்று சத்தியம் செய்யவேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவின் பெயரை அடித்தோம், தவறு. தாத்தா பெயர், தவறு. அம்மா பிறந்த திருவதிகை, அதுவும் தவறு. 'மன்னிக்கவும், பிறகு முயலவும்' என்று ஒரு பொம்மை சிரித்தது. அந்தப் பொம்மையை அறைந்திருப்பேன்.

அம்மாவும் இப்போது இல்லை. மிச்சமிருப்பது காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் மாமா ஒருவர்தான். போன் போட்டு, "மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி அம்மாவ வேற எப்பிடினா கூப்புடுவீங்களா?" என்று கேட்டேன்.

"பூனன்னுதாம்மா கூப்புடுவோம். அடுப்படியில பால குடிச்சிட்டு வாயத் தொடைக்காம வருவா. ஏன், ஒனக்குத் தெரியாதா? சின்னவளுக்குத் தெரியுமே."

சின்னவளுக்குத் தெரியும். எல்லா லீவுக்கும் மாமா வீட்டுக்கு ஓடியவள் அவள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் கை கொப்பளிக்கிறது என்று நான் போகமாட்டேன். என் அம்மாவுக்கு இப்படி ஒரு பெயர் இருந்ததே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு எழுத்துக்கூட்டுகிற பாடு. ஆங்கிலத்தில் பூனைக்கு இரண்டு ஓ போடுவாளா, ஒரு யூ போடுவாளா? கடைசியில் ஐ உண்டா? நாங்கள் இருவரும் சண்டையே போட்டோம். "அம்மா பேசற மாதிரிதான் பெரியம்மா அடிப்பாங்க. ஐ இருக்காது" என்றாள் மகள். இரண்டு ஓ, கடைசியில் வெறும் ஏ. ஏற்றுக்கொண்டது.

குதித்தே விட்டோம். ஆனால் கேள்வியை நம்புகிற காலம் மலையேறிவிட்டதாம். அடுத்த பக்கத்தில், பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. அது தங்கையின் பழைய நம்பர். யாரும் ரீசார்ஜ் செய்யாததால் கம்பெனி அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. கூப்பிட்டேன். ஓர் ஆண் எடுத்தார். விஷயத்தைச் சொல்வதற்குள் பதறினார்.

"ஓடிபி யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது மேடம். எங்க மச்சான் இப்பிடித்தான் ஏமாந்தாரு. செத்துட்டாங்கன்னு சொல்லித்தான் அப்பவும் கேட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "யாராவது தங்கச்சி செத்துட்டான்னு பொய் சொல்லுவாளாய்யா?" என்று கத்தினேன். அவர் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். மகள் தன் போனில் கூப்பிட்டு, நிதானமாகப் பேசி, நேரில் வருகிறோம் என்று சம்மதிக்க வைத்தாள். அவருக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவரை டீக்கடையில் சந்தித்தோம். என்னை நம்பாமல் பார்த்தவர், மகளைப் பார்த்ததும் கொஞ்சம் தளர்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஒண்ணு சொல்லணும்க்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வருஷா வருஷம் இந்த நம்பருக்குப் பொறந்தநாள் வாழ்த்து வரும். நகைக்கடைலருந்து வரும், பழைய ஃப்ரண்டுங்களும் அனுப்புவாங்க. நூறு வருஷம் நல்லா இருங்கன்னு போட்டிருப்பாங்க. யாருக்குன்னு தெரியாம நானும் தேங்க்ஸ்னு போட்டுக்கிட்டு இருந்தேன்."

இதைக் கேட்டு மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அந்த மனிதர் வேறு எதுவும் கேட்காமல், மகள் மறுபடி அனுப்ப வைத்ததும் தன் போனுக்கு வந்த எண்ணை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

அந்தக் கடையின் பெஞ்சிலேயே, மகளின் கைபேசியில் தங்கையின் பெட்டி திறந்தது. தங்கையின் பெயரைச் சொல்லி, மீண்டும் வருக, உங்களைக் காணாமல் தவித்தோம் என்றது. கீழே ஒரே ஒரு வரி. நீண்ட காலம் பயன்படுத்தாததால் எங்கள் புதிய விதிப்படி உங்கள் மெயில்கள் அனைத்தும் நீக்கப்பட்டன, புதிதாகத் தொடங்குங்கள்.

உள்ளே ஒன்றும் இல்லை. அனுப்பியவை, சேமித்தவை, குப்பை என்று எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். குப்பைகூடக் காலி. தங்கையை மயானத்தில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு எனக்கு ஒரு தெம்பு இருந்தது, படமாவது இருக்கிறது என்று. டீக்கடை பெஞ்சில்தான் அவள் எனக்கு முழுசாகச் செத்துப்போனாள். அந்த மனிதர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்த மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களாவது சொல்லுங்க பெரியம்மா. அம்மா சிரிச்சா எப்பிடி இருப்பாங்க?"

கண்ணை மூடிப் பார்த்தேன். பிரவுசிங் சென்டர் வந்தது, திரையை மறைத்த கை வந்தது, முகம் வரவில்லை. கடைசி மாதங்களின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. கூடப் பிறந்தவளின் சிரிப்பு எனக்கு மறந்துவிட்டது. இதை எப்படி இவளிடம் சொல்வேன்?

"ஒன்ன மாதிரியேதாண்டி இருப்பா" என்றேன்.

அவள் கைபேசியைத் தன் பக்கம் திருப்பி, அதில் தெரிந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டாள். சிரித்தால் அவள் அச்சு அசல் அவள் அப்பா. எங்கள் வீட்டு ஜாடை ஒரு துளி கிடையாது.