இருபத்தொன்பது பாகை ஈக்களுக்கு ஓர் ஈரத்துணி

எங்கள் ஆய்வுகூடத்தில் ஈக்களுக்குக் கூழ் காய்ச்சுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார் என்றால் வெளியில் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். குருநகரைச் சேர்ந்த யோசப்பின் என்ற பெண்மணி ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறார். சோளமா, சீனி, ஈஸ்ற் சேர்த்துக் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றுவார். ஆறியதும் ஈக்களை விட்டுப் பஞ்சால் அடைப்பார். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தப் பொடி ஈக்கள்தான். கூடத்துக்குப் பொறுப்பான எனக்கு அவற்றைக் கண்டாலே எரிச்சல். அவருக்கோ அவை "பிள்ளையள்".

உரும்பிராய் சுபாஜினி முதுமாணிப் பட்ட ஆராய்ச்சிக்காகப் போன வருடம் வந்தாள். ஒரே வம்சத்து ஈக்களை மூன்றாகப் பிரித்து, பதினெட்டு, இருபத்தைந்து, இருபத்தொன்பது பாகை வெப்பத்தில் வளர்த்தாள்.

"மரபணு எண்டது கதைக்கிற வாய் மாதிரி அன்ரி," என்று யோசப்பினுக்கு விளக்கினாள். "உடம்புக்குள்ளை சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகள் இருக்கு. கண்டபடி கதைக்கிற வாயைப் பொத்துற கையள் அதுகள்தான். வெக்கை கூடினால் அந்தக் கையள் கூடுதோ குறையுதோ எண்டு பாக்கப்போறன்."

"எங்கடை வீட்டிலை வெக்கை கூடினால் வாய்தான் பிள்ளை கூடும்," என்றார் யோசப்பின்.

முதல் இரண்டு வகைக்கும் இயந்திரம் இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை. நான்தான் மரப்பெட்டி ஒன்றுக்குள் மின்குமிழைப் பொருத்தி இருபத்தொன்பதுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் வெப்பமானி பார்த்து எழுதினோம். எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆனால் அந்த ஆர்.என்.ஏ. துண்டுகளை எண்ணுவதற்கு ஈக்களை அனுப்பியிருந்த கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து வந்த எண்ணிக்கை சரியாக இல்லை. வேறு நாடுகளில் செய்தவர்கள் கண்டபடி, வெக்கையில் வளர்ந்தவற்றில் அந்தத் துண்டுகள் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. ஏறக்குறைய இருபத்தைந்து பாகை ஈக்களைப் போலவே இருந்தன. சுபாஜினி திரும்பவும் முதலிலிருந்து செய்தாள். திரும்பவும் அதே கதை. சித்திரை மாதம் ஒரு காலையில், ஆராய்ச்சியை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதி என் மேசையில் வைத்தாள்.

"எனக்கு இது சரிவராது சேர். என்ரை கைதான் பிழை," என்று சொல்லி அழுதாள்.

குப்பி கழுவிக்கொண்டிருந்த யோசப்பின் குழாயைப் பூட்டினார்.

"உன்ரை கையிலை பிழை இல்லைப் பிள்ளை. நான்தான். மத்தியானத்திலை அதுகள் அந்தப் பெட்டிக்குள்ளை சோந்துபோய்க் கிடக்கும். பாத்துக்கொண்டு நிக்க ஏலாமல் கிடந்துது. குப்பியளுக்கு மேலை ஈரத்துணி போட்டனான். கோயில் மணி பன்ரண்டு அடிக்கப் போட்டால் மூண்டு மணிக்கு எடுத்துடுவன்."

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"துவக்கத்திலை இருந்து அண்ணை."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கத்தினேன், நல்லாகவே கத்தினேன். குருநகரில் கரைக்கு வந்த மீன்கூடையை ஈரச்சாக்குப் போடாமல் வெயிலில் விடுகிற பெண் கிடையாது. அந்தக் கை ஈக்களிடமும் சும்மா இருக்கவில்லை. அவருடைய வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அது தெரிந்தும் சொன்னார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திராது.

சுபாஜினி கத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒருநாளும் நேரம் பிந்தேல்லையோ அன்ரி?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை. ஞாயிறும் பூசை முடிய வந்து போட்டனான்."

அவள் என் மேசைக்கு வந்து கடிதத்தை எடுத்துக் கிழித்தாள். "சேர், ஒருநாளும் தவறாமல் போட்டதெண்டால் அதுவும் ஒரு பரிசோதனைதான். இன்னொரு பெட்டி செய்து தாங்கோ. ஒண்டுக்குத் துணி போடுவம், மற்றதுக்குப் போடாமல் விடுவம். அன்ரி இல்லாமல் இதை என்னாலை செய்ய ஏலாது."

பெட்டி செய்தேன். ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டேன், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான்.

அதற்குப் பிறகு தினமும் பன்னிரண்டு மணிக்கு யோசப்பின் ஒரு பெட்டிக்குத் துணி போட்டுவிட்டு, மற்றதைத் திரும்பியும் பாராமல் வெளியே போய் மதிலோரம் நின்றார். "உள்ளை நிண்டால் கை தன்பாட்டிலை துணிக்குப் போயிடும் அண்ணை," என்றார். சுபாஜினியும் தண்ணீர்ப் போத்தலோடு போய்ப் பக்கத்தில் நிற்பாள்.

ஆவணியில் எண்ணிக்கை வந்தது. சுபாஜினி அதை வரைபடமாகக் கீறிய தாளைத் தூக்கிக்கொண்டு நேரே கழுவுமிடத்துக்கு ஓடினாள்.

"இது துணி போடாததுகள் அன்ரி, எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கு பாருங்கோ. இது நீங்கள் போட்டதுகள். கீழை இறங்கியிருக்கு. நீங்கள் குடுத்த குளிர் அதுகளின்ரை உடம்புக்குள்ளை, அந்தச் சின்னத் துண்டுகள் வரைக்கும் போயிருக்கு."

யோசப்பின் சேலையில் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். அதில் இருந்தது அவருக்கு விளங்காது. ஆனாலும் அந்த இறங்கிய கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"அப்ப நான் துணி போட்டது அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.